‘அந்த நாய் உயிரோட இருக்கா?’

சிங்கப்பூரில் முப்பத்தெட்டு ஆண்டு தபால்காரனாக இருந்தவன் நான். தபால்காரனுக்கும் நாய்க்கும் உள்ள உறவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. என் இடது கெண்டைக்காலில் நான்கு பல் பதிந்த தழும்பு இன்னும் இருக்கிறது. இப்போது அதைத் தடவித்தான் பார்க்க முடியும். நீரிழிவு முதலில் வலது கண்ணை எடுத்துக்கொண்டது, பிறகு இடது கண்ணிலும் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. இதை நான் சொல்லச் சொல்ல என் பேத்தி தட்டச்சு செய்கிறாள். நடுவில் தன் கருத்தையும் நுழைக்கப் பார்ப்பாள். முடிந்த மட்டும் தடுத்திருக்கிறேன்.

சென்ற மாதம் வழிகாட்டி நாய் பற்றிய அறிமுகக் கூட்டம் ஒன்றுக்குப் போயிருந்தேன். வெள்ளைக் குச்சியோடு நடக்கப் பழகி இரண்டு ஆண்டாகிறது. வீராசாமி சாலை வீட்டிலிருந்து லிட்டில் இந்தியா நிலையத்துக்கு நடந்து, ஸ்டீவன்ஸில் ரயில் மாறி, கால்டிகாட்டில் இறங்கி, தோ பாயோ ரைஸ் பக்கம் பயிற்சிக்குத் தனியாகவே போய்வருவேன். குச்சி நன்றாகக் கைவந்தவருக்குத்தான் நாயைப் பற்றிய பேச்சே தொடங்கும். அன்று ஒரு லாப்ரடார் நாயைக் கொண்டுவந்திருந்தார்கள். சேணத்தின் பிடியை என் கையில் கொடுத்து இருபது அடி நடக்கச் சொன்னார் பயிற்சியாளர். அந்தப் பிடி வழியாக நாயின் தோள் அசைவது எனக்குத் தெரிந்தது. ஒரு நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போனோம். அங்கே நாற்காலி இருந்தது என்பதே கடந்த பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குச்சியாக இருந்தால் நாற்காலியை முட்டித்தான் கண்டுபிடித்திருப்பேன்.

பிறகு கேள்வி நேரம். தீனிச் செலவு எவ்வளவு, முடி கொட்டுமா, வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால் பரவாயில்லையா என்றெல்லாம் கேட்டார்கள். என் முறை வந்தது. “இது யாரையாவது கடித்துவிட்டால் என்ன செய்வார்கள்?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்னால் ஒருவர் சிரித்தார். “அங்கிள், இந்த நாய்கள் கடிக்காது” என்றார் பயிற்சியாளர்.

இதே வார்த்தையை எத்தனை வாசல்களில் நான் கேட்டிருக்கிறேன்! சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு வீடு விடாமல் சொல்வார்கள். ஒரு கையால் கழுத்துப் பட்டையை இழுத்துப் பிடித்தபடி, மறுகையால் கடிதத்தை வாங்கியபடி, “அது கடிக்காது” என்பார்கள். பட்டையை விட்டுவிட்டுச் சொன்னவர் ஒருவரும் இல்லை.

பயிற்சியாளர் சொன்னது பொய்யில்லை. வழிகாட்டி நாய்க்கென்று அமைதியான வம்சத்தைப் பார்த்து எடுக்கிறார்கள். குட்டியிலிருந்து ஓராண்டுக்குமேல் ஒரு குடும்பத்தில் வளர்த்து, சந்தை, ரயில், மின்தூக்கி எல்லாம் பழக்குகிறார்கள். அப்புறம் பல மாதப் பயிற்சி. முறைக்கிற குட்டியும் மிரள்கிற குட்டியும் பாதியிலேயே கழிக்கப்பட்டுவிடும். சிங்கப்பூரில் வழிகாட்டி நாய் யாரையும் கடித்ததாக நானும் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் வாய் என்று இருந்தால் பல் இருக்கிறது. வால் என்று இருந்தால் மிதிக்க ஒரு கால் வந்தே தீரும். அதிலும் எங்கள் வட்டாரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு பஃபலோ சாலையில் நடந்தவர்களுக்குத் தெரியும். அஞ்சடி நடைபாதையில் பாதியை முருங்கைக்காய்ப் பெட்டியும் வாழையிலைக் கட்டும் பிடித்துக்கொள்ளும். மீதிப் பாதியில் பூக்கட்டுபவரின் முக்காலி, சாய்த்து வைத்த சைக்கிள், மளிகைக் கடையின் அரிசி மூட்டை. சாலையில் இறங்கினால், வாரத்தில் ஒரே நாள் விடுப்பில் வந்த வெளிநாட்டு ஊழியர் தம்பிகள் கூட்டம் கூட்டமாக நின்று ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு நிற்க வேறு இடம் எங்கே இருக்கிறது? என் குச்சியைத் தட்டிவிட்டு ஓடிவந்து எடுத்துக் கொடுத்தவர்களும் அவர்கள்தான். குச்சி தட்டுப்பட்டால் எடுத்துக் கொடுத்துவிடலாம். அந்த நெரிசலில் ஒரு நாயின் பாதத்தை ஒருவர் பாதுகாப்புக் காலணியோடு மிதித்துவிட்டால்? தீபாவளி நேரத்து கேம்பல் லேனில் ஒரு குழந்தை ஓடிவந்து காதைப் பிடித்து இழுத்தால்? ஆயிரத்தில் ஒரு முறை பல் படும். அந்த ஒரு முறைக்கு என்ன விதி என்பதுதான் என் கேள்வி.

இங்கே நாய்களுக்குச் சட்டம் குறைவில்லை. உரிமம் வேண்டும், தோலுக்கடியில் மின்சில்லு வேண்டும், பொது இடத்தில் கயிறு வேண்டும். தவறினால் 5,000 வெள்ளி வரை அபராதம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரு நாய்தான் வளர்க்கலாம், அதுவும் பட்டியலில் உள்ள சிறிய இனமாக இருக்க வேண்டும். லாப்ரடார் அந்தப் பட்டியலில் கிடையாது, ஆனால் வழிகாட்டி நாய்க்கு விலக்கு உண்டு. ரயிலில் விலங்குக்கு இடமில்லை, வழிகாட்டி நாய்க்கு உண்டு. உணவுக்கடையிலும் அப்படியே. ஹலால் சான்றிதழ் பெற்ற கடைகளுக்கும் வழிகாட்டி நாய் வரலாம் என்று இஸ்லாமிய சமய மன்றமான முயிஸ் எப்போதோ தெளிவாகச் சொல்லிவிட்டது. கசாண்ட்ரா சியூ 2011ல் எஸ்மி என்ற கறுப்பு லாப்ரடாருடன் இந்த நகரத்தில் நடக்கத் தொடங்கினார், வழிகாட்டி நாய் வைத்துக்கொண்ட முதல் சிங்கப்பூர்ப் பெண் அவர். வாசலில் நிறுத்தப்படுவது எப்படி இருக்கும் என்பதை அவர் பல முறை பொதுவில் பேசியிருக்கிறார். வழிகாட்டி நாயைத் தடுக்கக் கூடாது என்று ஒரே சட்டமாக இங்கே இன்னும் வரவில்லை. இங்கொரு விதி, அங்கொரு விலக்கு, மீதி கடைக்காரரின் நல்ல மனம்.

ஒரு வேடிக்கை. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1916ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்கில் முதல் வழிகாட்டி நாய்ப் பள்ளி தொடங்கியபோது அதில் பழக்கியவை ஜெர்மன் ஷெப்பர்டுகள். 1929ல் அமெரிக்காவின் முதல் பள்ளிக்குக் காரணமான பட்டி என்ற நாயும் அதே இனம். 1931ல் இங்கிலாந்தின் வாலசியில் முதன்முதலாகப் பழக்கப்பட்ட ஜூடி, ஃபிளாஷ், ஃபாலி, மெட்டா நான்கும் அதே இனம்தான். இன்றைய சிங்கப்பூரில் அந்த இனம் தனிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. வாய்க்கூடு போட வேண்டும், 100,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுக்க வேண்டும். இங்கிலாந்தில் பார்வையற்றோரை முதலில் நடத்திச் சென்ற ஜூடி இங்கே வந்தால் வாய்க்கூடோடுதான் இறங்க வேண்டியிருக்கும்.

ஏறலாம், நுழையலாம், வசிக்கலாம் என்பதற்கெல்லாம் வழிகாட்டி நாய்க்கு ஒரு வரி எழுதியிருக்கிறார்கள். கடித்தால் என்ன என்பதற்கு எழுதவில்லை. 2019 ஏப்ரலில் இருந்து தேசியப் பூங்காக் கழகத்தின்கீழ் இயங்கும் விலங்கு, கால்நடை மருத்துவச் சேவைதான் நாய்க்கடிப் புகாரைப் பார்க்கிறது. சந்தேகத்துக்குரிய விலங்கைத் தனியே வைத்துக் கவனிக்க அதிகாரிகளுக்குச் சட்டம் இடம் தருகிறது. அந்த இடத்தில் தெரு நாய், வீட்டு நாய், வழிகாட்டி நாய் எல்லாம் ஒன்றே. பேத்தி சட்டத்தைக் கணினியில் எடுத்து இரண்டு மாலை எனக்கு வாசித்துக் காட்டினாள். அவள் வாசித்த வரைக்கும் எங்கள் கண்ணில் (அவள் கண்ணில்) வேறெதுவும் படவில்லை.

என் தழும்பின் கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1986. சிராங்கூன் கார்டன்ஸில் ஒரு வரிசை வீடு. தபால்பெட்டி கேட்டுக்கு உள்பக்கம் இருக்கும், கையை நீட்டிப் போட வேண்டும். கேட்டைச் சரியாகச் சாத்தவில்லை. கலப்பின நாய், பழுப்பு நிறம், குரைக்காமல் வந்தது. குரைக்காமல் வருகிற நாய்தான் கடிக்கும் என்பது எங்கள் தொழிலின் பால பாடம். கால்சட்டையோடு சேர்த்துக் கவ்வியது. வீட்டுக்காரர் ஒரு சீனப் பாட்டி, தனியாக இருந்தவர். சோப்பும் தண்ணீரும் கொண்டுவந்து அவரே என் காலைக் கழுவினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஜாங்கான் ரிப்போட் (புகார் கொடுக்காதே), மாத்தா மாத்தா (போலீஸ்) வந்து கொண்டுபோயிடுவான்” என்ற பொருளில் மலாயில் அழுதார். நான் “தக் அப்பா” (பரவாயில்லை) என்று சொல்லிவிட்டு மருந்தகத்துக்குப் போனேன்.

நான் புகார் கொடுக்கவில்லை. அது சரியா தவறா என்று இன்றும் எனக்குத் தெரியாது. தவறு என்றுதான் பேத்தி சொல்கிறாள்.

மருந்தகத்தில் டெட்டனஸ் ஊசி போட்டார்கள். சிங்கப்பூரில் 1953லிருந்து வெறிநாய்க்கடி நோய் இல்லை, கவலைப்படாதே என்றார் மருத்துவர். எனக்கு நிம்மதி. என் அம்மாவுக்கு இல்லை. அம்மா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஐம்பதுகளில் கல்யாணமாகி இங்கே வந்தவள். அவளுடைய தம்பி, நான் பார்க்காத மாமா, ஏழு வயதில் நாய்க்கடியில் போனவன். கடித்து இரண்டு மாதம் கழித்து ஒருநாள் தண்ணீர்ச் செம்பைப் பார்த்து அலறினானாம். அதற்குமேல் அம்மா சொல்ல மாட்டாள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று ஊரில் எல்லோரும் பயந்து பேசிய அந்த வைத்தியம் அவனுக்குக் கிடைக்கவில்லை. 1907லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் வந்துவிட்டது, ஆனால் குன்னூர் எங்கே, எங்கள் ஊர் எங்கே. அதனால் சிங்கப்பூர் மருத்துவரின் பேச்சு அம்மாவிடம் எடுபடவில்லை. அவளுக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். கடித்த நாய் பத்து நாள் உயிரோடு இருக்கிறதா?

ஒவ்வொரு மாலையும் நான் செருப்பைக் கழற்றுமுன் அதே கேள்வி: “அந்த நாய் உயிரோட இருக்கா?” நானும் தினமும் அந்த வீட்டுக்குக் கடிதம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சைக்கிளை நிறுத்தி, கேட்டுக்கு வெளியிலிருந்து எட்டிப் பார்த்தேன். சோறு தின்கிறதா, வாயில் நுரை இருக்கிறதா, நடை தள்ளாடுகிறதா என்று பார்த்து வந்து சொல்வேன். பாட்டியும் புரிந்துகொண்டார். நான் வரும் நேரத்துக்கு நாயைக் கட்டிப்போட்டு, தட்டில் சோறு வைத்து, அது தின்பதை எனக்குக் காட்டுவார். அம்மா தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை அலமாரியில் அடுக்கி வைத்தாள். பத்தாவது தாள் கிழிந்த அன்று எனக்கு வடை சுட்டாள்.

பல ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது, அம்மாவின் கணக்கு மருத்துவக் கணக்கேதான் என்று. நோய் பிடித்த நாயின் எச்சிலில் கிருமி வருவது அதன் கடைசி நாள்களில். எச்சிலில் கிருமி வந்துவிட்டால் நாய் சில நாளில் படுத்துவிடும், செத்தும் போகும். கடித்த நாள் முதல் பத்து நாள் நாய் தெம்பாக இருந்தால், கடித்தபோது எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். உலகம் முழுவதும் நாய்க்கடிக்குப் பிறகு பத்து நாள் கண்காணிப்பு என்று வைத்திருப்பது இதனால்தான். அது தண்டனைக் காலம் இல்லை. நாயை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. அந்த ‘யாராவது’ கூண்டுக்குப் பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்று கிருமி கேட்பதில்லை.

இதை அமெரிக்காவின் கலிபோர்னியா சட்டம் புரிந்துவைத்திருக்கிறது. அங்கே சுகாதார, பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் 121680 என்று ஒரு பிரிவு. பார்வையற்ற எஜமானருக்கு ஊழியம் செய்யும் வழிகாட்டி நாய்க்கு (சட்டத்தின் சொல்லே ‘எஜமானர்’தான், எனக்குச் சிரிப்பு வந்தது) வெறிநாய்க்கடி நோய்த் தொற்றுக்கு ஆளானதற்கான ஆதாரம் இல்லையென்றால், அதைத் தனிமைப்படுத்தக் கூடாது. இரண்டு நிபந்தனை. எஜமானர் அதைத் தம் வீட்டு வளாகத்திலேயே பத்திரமாக வைத்திருக்க வேண்டும். நியாயமான எந்த நேரத்திலும் சோதனைக்குக் காட்ட வேண்டும். இவற்றில் தவறினால் சலுகை போய்விடும். சிராங்கூன் கார்டன்ஸ் பாட்டியும் நானும் 1986ல் நடத்தியது ஏறக்குறைய இதுதான். எங்களுக்குச் சட்டப் பிரிவு எண் இல்லை. அடுத்த பிரிவு காவல்துறை நாய்க்குச் சலுகை தருகிறது. கடிப்பதற்கென்றே பழக்கிய நாய்க்கு ஒரு சலுகை இருக்கும்போது, கடிக்கக் கூடாதென்று பழக்கியதற்கு இருப்பதில் என்ன வியப்பு.

இதை அப்படியே இங்கே கொண்டுவந்து ஒட்டிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கலிபோர்னியா வீட்டுக்குப் பின்னால் புல்வெளி இருக்கும், வேலி இருக்கும். நான் எட்டாவது மாடியில் இருக்கிறேன். என் ‘வீட்டு வளாகம்’ மூன்று அறையும் ஒரு தாழ்வாரமும். நாய் ஒருநாளில் மூன்று நான்கு முறையாவது கீழே இறங்கியாக வேண்டும். மின்தூக்கியில் பள்ளிப் பிள்ளைகள், பால் வாங்கிவருகிற பாட்டி, சக்கர நாற்காலி. ‘வீட்டிலேயே வை’ என்று மட்டும் எழுதினால் இரண்டாம் நாளே எங்கள் புளோக்கில் விதி உடையும், புகார் பறக்கும். நம் விதியில் மின்தூக்கியும் புல்தரையும் வர வேண்டும். அந்தப் பத்து நாளும் வாய்க்கூடு போட்டு, பார்வையுள்ள ஒருவர் கயிற்றைப் பிடித்து, சேணம் இல்லாமல் கீழே கொண்டுபோய்க் கொண்டுவரலாம் என்று எழுத வேண்டும். வீட்டில் அப்படி ஒருவர் இல்லாதவருக்கு, பயிற்சி தந்த அமைப்பு ஆள் அனுப்ப வேண்டும். முதல் நாளும் பத்தாம் நாளும் கால்நடை மருத்துவர் வந்து பார்க்க வேண்டும். நடுவில் கைத்தொலைபேசியில் காணொளி போதும். 2020ல் கோவிட் காலத்தில் சென்னையிலிருந்து திரும்பிய என் தங்கை மகன் பதினான்கு நாள் அறையைவிட்டு வரவில்லை. அதிகாரி நினைத்த நேரத்தில் அழைத்து முகத்தைக் காட்டச் சொல்வார். மனிதர்களை நம்பி வீட்டில் வைக்கத் தெரிந்த நாடு இது.

அந்தப் பத்து நாளில் வாய்க்கூட்டோடு நாய் வேலை செய்யலாமா என்பதில்தான் எனக்கும் பேத்திக்கும் சண்டை. வேலைக்குப் போகிறவர் பத்து நாள் எப்படிப் போவார், முதல் சோதனை முடிந்ததும் வாய்க்கூட்டோடு விட்டுவிடலாம் என்கிறாள் அவள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் கடித்தது என்று தெரியும் வரை அந்த நாய் ஓய்வில் இருக்கட்டும். குச்சி மறந்துபோயிருக்காது. கூடவே ஓர் ஆளும் வரட்டும்.

அப்படியானால் நாயைக் காப்பகத்தில் வைத்தால் என்ன, எப்படியும் அது வேலை செய்யப்போவதில்லையே என்று கூர்மையாக ஒருவர் கேட்கலாம். தேக்கா நிலையத்தில் என்னோடு தேநீர் குடிக்கும் நண்பர் கேட்டார். அவர் டெல்லிச் செய்தியில் ஊறிப்போயிருந்தார். 2025 ஆகஸ்ட் 11ல் இந்திய உச்ச நீதிமன்றம் தலைநகர் வட்டாரத்துத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்னது. ஆகஸ்ட் 22லேயே அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் போட்டுப் பிடித்த இடத்தில் விடுங்கள், வெறிபிடித்ததையும் மூர்க்கமானதையும் மட்டும் விடாதீர்கள் என்றது. “கோர்ட்டே சொல்லிட்டாங்க, கடிச்சா அடைக்கணும்” என்பது நண்பரின் வாதம். அந்த ஊரின் துயரம் வேறு அளவு. உலகத்தில் வெறிநாய்க்கடியால் ஆண்டுக்குச் சாகும் ஏறத்தாழ 59,000 பேரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்தியர் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. என் மாமா செத்தபோது இந்தக் கணக்கெல்லாம் யாரும் எடுக்கவில்லை. அங்கே கேள்வி சொந்தக்காரர் இல்லாத நாயைப் பற்றியது. என் கேள்வி, சொந்தக்காரரின் கையோடு ஒட்டியிருக்கும் நாயைப் பற்றியது.

நண்பருக்கு நான் சொன்ன பதில் சிராங்கூன் கார்டன்ஸ் பாட்டியைப் பற்றியது. அவர் ஏன் அழுதார்? நாயைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று. நான் ஏன் புகார் கொடுக்கவில்லை? அவர் அழுததால். பறித்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கும் வரை கடிகள் மறைக்கப்படும். நாயில்லாமல் வேலைக்குப் போக முடியாத ஒருவர், ரயில் நிலையத்தில் யாரோ “ஆ!” என்று கத்தினால் என்ன செய்வார்? நேர்மையானவர் நிற்பார். ஆனால் நாளை நாய் இருக்காது என்று தெரிந்தால் கால் தானாக வேகம் எடுக்கும். அது பாவமா? பாவம்தான். நாய் உன் வீட்டிலேயே இருக்கும், பத்து நாள் பார்ப்போம், அவ்வளவுதான் என்று விதி சொன்னால் நிற்பது எளிதாகிவிடும். கடிபட்டவருக்கும் அதில்தான் லாபம். நாய் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். மறைக்கப்பட்ட நாயைப் பற்றி யாரிடம் கேட்பது? என் அம்மாவுக்காவது தினமும் எட்டிப் பார்க்கும் ஒரு தபால்காரன் இருந்தான்.

இன்னொன்று, அந்த நாய்கள் கூண்டில் வளர்ந்தவை அல்ல. ஒருவரின் காலடியிலேயே படுத்து, அவர் மூச்சு மாறினாலே எழுந்து நிற்கப் பழகியவை. பத்து நாள் குரைப்பொலி நடுவே கிடந்து திரும்பும் நாய் அதே நாயாகத் திரும்பும் என்று உறுதி இல்லை. ஒரு நாய்க்குப் பின்னால் பல பத்தாயிரம் வெள்ளி, ஏறக்குறைய இரண்டு ஆண்டுப் பயிற்சி. ரயில் கதவு திறக்கும் அந்த நொடியில் நாய் தயங்கினால், விழப்போவது கயிற்றைப் பிடித்திருப்பவர்.

சலுகை யாருக்கு என்பதிலும் கறாராக இருக்க வேண்டும். நாய்க்கு ஒரு மேலங்கியை மாட்டி ‘உதவி நாய்’ என்று எழுதிக்கொண்டு வருவது அமெரிக்காவில் பெரிய தொல்லை. 1989ல் உருவான பன்னாட்டு வழிகாட்டி நாய் கூட்டமைப்பின் தரத்துக்கு உட்பட்ட பள்ளியில் தேறிய நாய் என்றால் மட்டும் சலுகை. கடித்த காரணத்தைப் பயிற்சியாளர் ஒருவர் ஆராய்ந்து எழுத்தில் தர வேண்டும். வாலை மிதித்ததால் கடித்ததா, காரணமில்லாமல் பாய்ந்ததா? காரணமில்லாமல் என்றால் சேணத்தைக் கழற்றிவிட வேண்டும். அதில் எனக்கு இரக்கம் கிடையாது, கெண்டைக்காலில் பல் இறங்கும் வலி எனக்குத் தெரியும்.

வெறிநாய்க்கடி நோய் இல்லாத நாட்டுக்கு இதெல்லாம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவும் நோய் இல்லாத நாடு. அங்கிருந்து வரும் நாயை விமான நிலையத்திலிருந்து தனிமைப்படுத்தாமலேயே உள்ளே விடுகிறோம். அங்கே பிறந்து, இங்கே வாழ்ந்து, இங்கே ஒருவரைக் கடித்தால் நோய் இருக்க வழியே இல்லையே என்பது நியாயமான வாதம். ஆனால் பாலியில் 2008ல் நுழைந்தது இன்னும் போகவில்லை. 2015ல் தீபகற்ப மலேசியாவின் வடக்கில் தலைகாட்டியது. 2017ல் சரவாக்கில் வந்து பல உயிரைக் கொண்டுபோனது. பக்கத்து வீட்டில் புகை வருகிறது. அதனால் வழிகாட்டி நாய்களுக்கு, கட்டாயம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தடுப்பூசி போட்டுச் சான்றைக் கையில் வைத்திருப்பதுதான் புத்தி. அந்தச் சான்று இருந்தால்தான் வீட்டுக் காவல் என்று எழுதிவிட்டால் எல்லோரும் போட்டுக்கொள்வார்கள்.

இந்த நாய்களோடு நடப்பவர்கள் இந்த ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கிறார்கள். சில பேருக்காக ஒரு விதியா என்றால், முதல் கடி நடந்த மறுநாள் காலை, படமும் கோபமும் கைத்தொலைபேசிகளில் சுற்றும்போது எழுதும் விதி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவரும் கடிபடாத இன்று எழுதினால் நிதானமாக எழுதலாம்.

என் வீட்டு மேசையில் விண்ணப்பத் தாள் இருக்கிறது. நான் இன்னும் முடிவு செய்யவில்லை. என் மனைவிக்குச் சின்ன வயதிலிருந்தே நாய் என்றால் பயம். “என்னங்க, காலையில ஆறு மணிக்கு யாரு கீழ கூட்டிட்டுப் போறது?” என்று நேற்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை, நேரத்தைத்தான் கேட்டாள்.

பேத்தி இங்கே முடித்துக்கொள்ளலாம் என்கிறாள். இன்னும் ஒன்று இருக்கிறது, எந்தச் சட்டப் பிரிவிலும் அது இல்லை. ஒருவேளை நான் ஒரு நாயோடு சிராங்கூன் சாலையில் நடந்து, அது உங்களைக் கடித்துவிட்டால், பல் பட்டதா, தோல் கிழிந்ததா, வெறும் ஈர மூக்கு இடித்ததா என்று எனக்குத் தெரியாது. ரத்தம் வந்தாலும் தெரியாது. திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் கடையில் சோப்பு கேட்டு, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் நன்றாகக் கழுவுங்கள். நாயின் உரிம எண்ணையும் என் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பெயரையும் சொல்லிவிட்டுப் போங்கள். பத்து நாளும் மாலையில் அழைத்து நாய் எப்படி இருக்கிறது என்று சொல்வேன். நீங்கள் கோபத்தில் பேசாமல் போய்விட்டால் உங்களைத் தேட என்னிடம் ஒரு முகம்கூட இருக்காது.